தாழ்ந்த காருக்கு ஏற்ற ஜாக்கி

சக்கரத்தை மாற்றுவது, பிரேக் கட்டைகளைப் பார்ப்பது போன்ற சிறு வேலைகளை வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளும் பழக்கம் நம்மிடையே பெருகியிருக்கிறது. செலவு மிச்சம், நம் காரை நாமே அறிந்துகொள்கிறோம் என்ற நிறைவும் உண்டு. ஆனால் இவற்றுக்கெல்லாம் முதற்படி காரைத் தூக்குவது. உயிருக்கு ஆபத்து நேர்வதும் அங்கேதான். கார் தரையோடு ஒட்டினாற்போல் தாழ்ந்து நின்றால், எந்த ஜாக்கி பொருந்தும் என்ற சிக்கலும் சேர்ந்துகொள்கிறது.

கடையில் நாம் கேட்கும் முதற் கேள்வி, "இது எத்தனை டன் தூக்கும்?" என்பதே. உண்மையில் அது இரண்டாவதாகக் கேட்கவேண்டியது. நடுத்தரக் கார் ஒன்றின் எடை ஏறக்குறைய 1,200 முதல் 1,500 கிலோகிராம். ஜாக்கியோ ஒரு மூலையை அல்லது ஒரு பக்கத்தை மட்டுமே தூக்குகிறது. ஆகவே இத்தகைய காருக்கு 2 டன் ஜாக்கி போதும். முதலில் கேட்கவேண்டியது, "இறக்கிய நிலையில் இதன் உயரம் என்ன?" என்பதாகும்.

புட்டி வடிவ ஜாக்கி பெரும்பாலும் 150 முதல் 200 மி.மீ. உயரம் நிற்கும். லாரிக்கு அது நல்லது. தாழ்ந்த காரின் அடியில் நுழையாது. காருடன் வரும் கத்தரி ஜாக்கி நுழையும். ஆனால் அதன் அடித்தட்டு குறுகியது. வழியில் டயர் பழுதானால் சக்கரம் மாற்றுவதற்கே அது உரியது. சக்கரங்களில் உருளும் டிராலி ஜாக்கியே வீட்டுக்கு ஏற்றது. அதிலும் சாதாரண வகை 130 மி.மீ. அளவில் நிற்க, தாழ்ந்த கார்களுக்கென்றே செய்யப்பட்டவை 75 முதல் 90 மி.மீ. உயரத்திலேயே அடங்கிவிடுகின்றன.

வாங்குமுன் அளவுகோலை எடுத்துக்கொண்டு காரின் பக்கத்தில் உட்காருவோம். முன்சக்கரத்துக்குப் பின்னும் பின்சக்கரத்துக்கு முன்னும், கதவுகளுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பில், ஜாக்கி வைக்கும் இடங்கள் பல கார்களில் குறிக்கப்பட்டிருக்கும். கார்க் கையேடும் அவற்றைக் காட்டும். அங்கிருந்து தரை வரை அளக்கவேண்டும். டயரில் காற்று இறங்கினால் அந்த இடைவெளி இன்னும் குறையும் என்பதையும் கணக்கில் கொள்வோம். இடைவெளி சற்றே போதாவிட்டால், சக்கரத்தை ஓர் அகலமான தடித்த பலகைமேல் ஏற்றி நிறுத்தி இடம் உண்டாக்கலாம்.

ஜாக்கி எவ்வளவு உயரம் தூக்கும் என்பதும் முக்கியம். ஏனெனில் ஜாக்கி தூக்குவதற்கே அன்றித் தாங்குவதற்கு அன்று. கைப்பிடியை அழுத்தும்போது சிறு உந்துதண்டு எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த எண்ணெய் பெரிய உந்துதண்டை மேலே ஏற்றுகிறது. அத்தனை பாரமும் எண்ணெயின்மேல்தான் நிற்கிறது. உள்ளேயிருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்தால் எண்ணெய் கசியும், கார் இறங்கும். எனவே இரும்புத் தாங்கிகள் இரண்டை ஜாக்கியுடன் சேர்த்தே வாங்கவேண்டும். தாங்கியின் மிகக் குறைந்த உயரத்தை விட ஜாக்கி அதிகம் தூக்கவேண்டும். இல்லையேல் தாங்கியை வைக்க வழியில்லை.

இடத்தையும் பார்க்கவேண்டும். மழைநீர் வடிவதற்காக நம் வீட்டு வாசல்கள் பல சற்றுச் சரிவாகவே கட்டப்பட்டிருக்கின்றன. உச்சி வெயிலில் தார் இளகும்; ஜாக்கியின் சக்கரங்கள் புதையும். டிராலி ஜாக்கி உயரும்போது அதன் கை வளைவாக மேலெழுவதால், ஜாக்கி தானே சற்று உருண்டு நகரவேண்டும். மண்ணிலோ கல்லிலோ சிக்கி நின்றுவிட்டால் காரை இழுத்துச் சரித்துவிடும். ஆகவே சமமான, கெட்டியான சிமெண்டுத் தரையே தகுந்தது. தூக்குமுன் எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்போம். கைப்பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களையே பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கினால், முன்சக்கரங்களைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கட்டைகளே.

காரைத் தாங்கிகளின்மேல் இறக்கியபின், கையால் ஒருமுறை அசைத்துப் பார்ப்போம். அசையாது நின்றால் மட்டுமே வேலையைத் தொடங்குவோம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் எவரும் தலையையோ கையையோ நீட்டக்கூடாது. தாங்கிகளுக்குக் கொடுக்கும் பணம் அதிகச் செலவு அன்று. வேலை முடிந்ததும் நாம் எழுந்து வருவதற்கான உறுதி.