4 நாள், 500 கிலோ மீட்டர்! மோட்டார் சைக்கிளில் ஒரு மலைப் பயணம்

திட்டம் சரியாக இருந்தால் ஆபத்து இல்லை

கோவையில் புறப்பட்டு வால்பாறை ஏறலாம். காட்டு வழியாக அதிரப்பள்ளி அருவிக்குப் போகலாம். அங்கிருந்து மூணாறு சென்று, மறையூர், உடுமலைப்பேட்டை வழியாகக் கோவைக்கே திரும்பிவிடலாம். மொத்தம் சுமார் 500 கிலோ மீட்டர்.

“500 கிலோ மீட்டர்தானே? இரண்டே நாளில் முடித்துவிடலாமே!” என்பார்கள் வாலிபர்கள்.

முடிக்கலாம், அகலமான நெடுஞ்சாலையாக இருந்தால்! இதுவோ மலைப் பாதை. மணிக்கு 25 கிலோ மீட்டர், 30 கிலோ மீட்டர் போனாலே பெரிது. அவசரப்பட்டால் வழியிலேயே இருட்டிவிடும். மலையில் இருட்டு என்றால், பனிமூட்டம், பள்ளம், யானை மூன்றும் சேர்ந்ததுதான்.

ஆகவே முதல் விதி இது: காலை 7 மணிக்குப் புறப்பட வேண்டும். மாலை 4 மணிக்குள் தங்கும் ஊருக்குப் போய்விட வேண்டும். மற்ற எல்லாத் திட்டமும் இதற்கு அடங்கியதே.

முதல் நாள்: 40 வளைவுகள்

கோவையிலிருந்து பொள்ளாச்சி 40 கிலோ மீட்டர். அங்கிருந்து வால்பாறை 65 கிலோ மீட்டர். ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலை ஆரம்பம். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள்!

9-வது வளைவில் வண்டியை ஓரமாக நிறுத்திப் பார்த்தால், ஆழியாறு அணை தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் போலக் கீழே மின்னும். அதிர்ஷ்டம் இருந்தால் பாறைகளில் வரையாடுகளையும் காணலாம். தமிழ்நாட்டின் மாநில விலங்கு இதுதான்.

வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும். முந்தக் கூடாது. மலைப் பாதையில் ஏறி வரும் வண்டிக்கே முதலில் வழி. இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும்.

வால்பாறை சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கிறது. எங்கு பார்த்தாலும் தேயிலைத் தோட்டம். ஆனால், சிறுத்தை நடமாடும் ஊர். இருட்டிய பிறகு தோட்டப் பக்கம் உலாவப் போகக் கூடாது.

இரண்டாம் நாள்: காட்டுக்குள்ளே!

வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி சுமார் 80 கிலோ மீட்டர். பெரும் பகுதி அடர்ந்த காடு. செல்போன் வேலை செய்யாத இடங்கள் பல. ஆகையால் வால்பாறையிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ள வேண்டும். பஞ்சர் ஒட்டும் சாமான்களும், காற்றடிக்கும் பம்ப்பும் கையில் இருக்க வேண்டும்.

வனச் சோதனைச் சாவடியில் நேரம் பார்த்துத்தான் வண்டிகளை விடுவார்கள். நேரம் தப்பினால் திரும்ப வேண்டியதுதான். மண்சரிவு, யானை நடமாட்டம் காரணமாகப் பாதையை மூடுவதும் உண்டு. முதல் நாள் இரவே விசாரித்துக்கொள்வது நல்லது.

யானை எதிர்ப்பட்டால்? தூரத்திலேயே நிறுத்திவிட வேண்டும். ஹாரன் கூடாது. போட்டோ கூடாது. “ஒரே முறுக்கில் தாண்டிவிடலாம்” என்ற எண்ணமே கூடாது! அது காட்டுக்குள் இறங்கும் வரை பொறுத்திருப்பதே புத்திசாலித்தனம். நெருங்கி வந்தால், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விட வேண்டும்.

மூன்றாம் நாள்: பழைய பாலம்

அன்றிரவு சாலக்குடியில் தங்கி, மறுநாள் கோதமங்கலம் வழியாக மூணாறு போகலாம். சுமார் 130 கிலோ மீட்டர். வழியில் நேரியமங்கலத்தில், பெரியாற்றின் மேல் 1935-ல் திறக்கப்பட்ட வளைவுப் பாலம் இருக்கிறது. அங்கிருந்து மூணாறு வரை ஏற்றந்தான். மூணாறு 5,000 அடிக்கு மேல். ஸ்வெட்டர் இல்லாமல் போகிறவர் நடுங்கத்தான் வேண்டும்.

நான்காம் நாள்: இறக்கம்

மறையூரில் சந்தனக் காடு. சுடச்சுட வெல்லம் காய்ச்சுவதையும் பார்க்கலாம். அதைத் தாண்டிச் சின்னாறு வந்தால், பசுமை மறைந்து முள் காடு வந்துவிடும்! மேற்கே உயர்ந்து நிற்கும் மலை பருவ மழையைத் தடுத்துவிடுவதுதான் காரணம்.

இறங்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சமாகும் என்று என்ஜினை அணைத்து உருட்டக் கூடாது. பிரேக்கை விடாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும்.

புறப்படுமுன்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடும் மழை, தவிர்ப்பது நல்லது. டயர், பிரேக், செயின், விளக்கு எல்லாவற்றையும் ஒரு வாரம் முன்பே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். லைசென்ஸ், ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் நான்கும் அவசியம். பின்னால் அமர்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும். வால்பாறைக்குப் போகும் வெளியூர் வண்டிகளுக்கு 2025 நவம்பர் முதல் இ-பாஸ் முறையைக் கொண்டுவர ஐகோர்ட்டு உத்தரவிட்டது. அதையும் வீட்டிலிருந்தே பதிவு செய்துகொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. எந்தப் பாதை, எந்த ஊரில் எந்த விடுதி என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். தினமும் தங்குமிடம் சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு போன் செய்ய வேண்டும். போன் வரவில்லை என்றால் எங்கே தேடுவது என்று வீட்டாருக்குத் தெரிந்திருக்கும்.