பளபளக்கும் பழைய கார்: வாங்குமுன் காந்தத்தை எடுங்கள்!

சிதம்பரத்தில் ஒரு வீட்டு வாசல். அங்கே ஒரு வெள்ளை அம்பாசிடர் கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

பெயிண்ட் கண்ணாடிபோல் மின்னுகிறது. சீட்டுக்குப் புது உறை. சக்கர மூடியில் முகம் பார்க்கலாம்!

"அக்கு அக்காகக் கழற்றிப் புதுப்பித்த வண்டி. விலை 4 லட்சம் ரூபாய்" என்கிறார் விற்பவர்.

வாங்க வந்தவர் கடலூர்க்காரர். சிறுவயதில் அப்பாவோடு இதேபோன்ற காரில் கோவிலுக்குப் போனவர். அவர் மனம் துள்ளுகிறது.

உடன் வந்த மனைவி மெதுவாகக் கேட்கிறார்: "ஏங்க, பொண்ணு காலேஜுக்குச் சேர்த்த பணமாச்சே! இந்த வண்டி அவ்வளவு பெறுமா?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் காரின் பளபளப்பில் இல்லை. அடியில் இருக்கிறது!

கடை விலை கிடையாது

அம்பாசிடர் கார், கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் தயாரானது. 2014-ல் உற்பத்தி நின்றுவிட்டது. மும்பையில் தயாரான பத்மினியும் நின்றுபோயிற்று. 1960-களில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் இன்று இல்லை.

ஆகவே, இந்தக் கார்களுக்குக் கடையில் எழுதி வைத்த விலை கிடையாது. காரின் நிலைதான் விலை.

காந்தம் காட்டிக் கொடுக்கும்

கடலூர், கடற்கரை ஊர். உப்புக் காற்று இரும்புக்கு எதிரி. துரு, தகட்டைத் தின்றுவிடும்.

தின்ற இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து ஒட்டவேண்டும். அதற்குச் செலவு அதிகம். சிலர் அப்படிச் செய்வதில்லை. ஓட்டையின்மேல் பட்டியைப் பூசி, பெயிண்ட் அடித்துவிடுவார்கள். அடுத்த மழைக்காலத்தில் குட்டு வெளிப்படும்!

இதைக் கண்டுபிடிக்க ஒரு சிறிய காந்தம் போதும். அதை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடிப்பக்கத்திலும், சக்கரத்தின் மேல் வளைவிலும் வைத்துப் பார்க்கவேண்டும். தகடு இருந்தால் ஒட்டும். கனமாகப் பட்டி பூசியிருந்தால் ஒட்டாது.

பிறகு, தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்கவேண்டும். அம்பாசிடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. அதன் உடம்பே அதைத் தாங்குகிறது. அடித்தகடு துருப்பிடித்தால் காரின் பலமே போயிற்று. ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. அதில் சேசிஸையும் தட்டிப் பார்க்கவேண்டும்.

2015-ல் பெய்த பெருமழையில் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் தத்தளித்தது. தண்ணீரில் நின்ற காரா என்றும் பார்ப்பது நல்லது. சீட்டுக்கு அடியில் சேறு, பூஞ்சை வாடை, பச்சை பூத்த ஒயர் முனை ஆகியவை அதற்கு அடையாளம்.

புகை சொல்லும் சேதி

வாங்கப் போகுமுன், "எஞ்சினை ஓடவிடாமல் வையுங்கள்" என்று சொல்லிவிடவேண்டும். ஆறிய எஞ்சின்தான் உண்மை பேசும்!

நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை வந்தால் பெட்ரோல் மிஞ்சுகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், உள்ளே தண்ணீர் கசிகிறதோ என்று சந்தேகப்படவேண்டும்.

தெருக்கோடிவரை ஓட்டினால் போதாது. சிதம்பரத்திலிருந்து கடலூர் சுமார் 45 கிலோமீட்டர். தெரிந்த மெக்கானிக்குடன் அதில் பாதி தூரமாவது ஓட்டிப் பார்க்கவேண்டும். எஞ்சின் கொதிக்கிறதா, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா என்பது அப்போது தெரியும்.

காகிதம் சரியா?

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் காரில் உள்ள எண்களோடு ஒத்துப்போக வேண்டும். பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைத்த கார்கள் உண்டு. அந்த மாற்றம் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும்.

15 ஆண்டு கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கடலூருக்குப் பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறது. அங்கே பதிவான கார் என்றால் தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டு வரி, மறுபதிவு எல்லாம் உண்டு. அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

50 ஆண்டைத் தாண்டி, உருமாறாமல் இருக்கும் காருக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி வகுத்தது. அதன்படி 'வி.ஏ.' என்ற எழுத்துடன் தனி எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால், அந்தக் காரைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு போன்றவற்றுக்கே ஓட்டலாம். குடும்பத்தோடு போய்வர நினைப்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

கணக்குப் போடுங்கள்

"இதற்கு 3 லட்சம் செலவழித்தேன்" என்பார் விற்பவர். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் செலவு வேறு, விலை வேறு!

முதலில், இதே வகையில் குறையில்லாத கார்கள் என்ன விலைக்குக் கைமாறின என்று நாலு இடத்தில் விசாரிக்கவேண்டும். கேட்ட விலை அல்ல, கொடுத்த விலை!

அது மூன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் காருக்கு அடித்தகடு, டயர் வேலை 60,000 ரூபாய். காகிதச் செலவு 15,000 ரூபாய். இரண்டையும் கழித்தால் மிச்சம் 2,75,000 ரூபாய். அதுதான் நியாய விலை. பில்லும், வேலை நடந்தபோது எடுத்த படங்களும் விற்பவரிடம் இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

கடலூர்க்காரர் அந்த விலையைச் சொல்கிறார். விற்பவர் இறங்கி வந்தால், அப்பாவின் நினைவும் மகளின் படிப்பும் இரண்டும் பிழைத்தன!

இறங்கி வராவிட்டால்?

சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ் இருக்கிறது!