மூச்சுக்கு உற்ற துணை

நுழையும்முன்
காற்றின்றி உயிர்வாழ்வு இல்லை. எனினும், அக்காற்றை உள்ளிழுப்பதே சிலருக்குப் பெரும்பாடாகிறது. ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்தும் மருந்துகளையும் அவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

காற்றும் களமும்
மேற்குத் தொடர்ச்சி மலையின் அரவணைப்பில் அமைந்தது கம்பம் பள்ளத்தாக்கு. தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய்களைக் கடந்து தேனி மாவட்டத்தில் விரைந்து வீசுகிறது. ஆண்டிபட்டிப் பகுதியின் காற்றாலைகளைச் சுழற்றும் அக்காற்று, புழுதியையும் மகரந்தத்தையும் சுமந்து வருகிறது. நெல் தூற்றும் களத்துத் தூசி, திராட்சைக் கொடிகளுக்குத் தெளிக்கும் பூச்சிக்கொல்லியின் நெடி, விறகடுப்புப் புகை, சாரல்காலக் குளிர் ஆகியனவும் ஆஸ்துமா உடையோர்க்கு மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடும். தூண்டும் பொருள் ஆளுக்கு ஆள் வேறுபடும். காற்றைத் தடுத்து நிறுத்த நம்மால் இயலாது. அக்காற்றை ஏற்கும் மூச்சுக்குழல்களைக் காக்க இயலும்.

நோயின் இயல்பு
ஆஸ்துமாவின் அடிப்படை, மூச்சுக்குழல்களின் உட்சுவரில் நீடித்திருக்கும் அழற்சியாகும். அழற்சியுற்ற குழல்கள் சிறு தூண்டலுக்கும் சுருங்குகின்றன, உட்சுவர் வீங்குகிறது, சளி மிகுகிறது. அதனால் இரைப்பும் இருமலும் நெஞ்சிறுக்கமும் தோன்றுகின்றன. இவை இரவிலும் விடியற்காலையிலும் மிகுதல் உண்டு. திணறல் இல்லாத நாள்களிலும் அழற்சி உள்ளே தொடரலாம். இதனை அறியாமையே பலர் மருந்தைப் பாதியில் நிறுத்தக் காரணமாகும்.

இருவகை மருந்துகள்
சால்பியூட்டமால் போன்ற உடனடி நிவாரணிகள் குழலைச் சூழ்ந்த தசையைத் தளர்த்துகின்றன. சில நிமிடங்களில் மூச்சு சீராகிறது. ஆயினும் அழற்சி குறைவதில்லை. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுகளோ அழற்சியையே தணிக்கின்றன. அவற்றின் முழுப்பயன் கிட்டச் சில வாரங்கள் ஆகும். கூரை ஒழுகும்போது பாத்திரம் வைப்பது முன்னது. கூரையையே செப்பனிடுவது பின்னது.

நிவாரணியை மட்டுமே நம்பியிருப்போர்க்குக் கடுந்திணறல் நேரும் வாய்ப்பு மிகுதி. ஆகவே, 2019ஆம் ஆண்டில் ‘கினா’ என்னும் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டு அமைப்பு, 12 வயதுக்கு மேற்பட்டோர் சால்பியூட்டமாலை மட்டும் பயன்படுத்துவதை இனிப் பரிந்துரைப்பதில்லை என அறிவித்தது. அவர்களின் மருத்துவத்தில் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு இடம்பெறுதல் வேண்டும். பியூடெசோனைடும் ஃபார்மோட்டெராலும் இணைந்த உள்ளிழுப்பான், அழற்சியைத் தணிப்பதோடு குழலையும் விரைந்து விரிப்பதால், மருத்துவர் அறிவுரைப்படி நிவாரணியாகவும் பயன்படுகிறது.

தேர்ந்தெடுக்கும் முறை
பெக்லோமெதசோன், பியூடெசோனைடு, ஃபுளூட்டிக்கசோன் ஆகியன பரவலாகப் பயன்படும் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுகள். இவற்றின் அளவு மைக்ரோகிராமில் குறிக்கப்படும். எண் பெரிதாயின் மருந்து வலியது என்று கொள்ளுதல் பிழை. வளர்ந்தோர்க்குப் பியூடெசோனைடு நாளொன்றுக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம் என்பது குறைந்த அளவு. ஃபுளூட்டிக்கசோன் புரோப்பியோனேட்டில் 100 முதல் 250 மைக்ரோகிராமே அதற்கு ஈடாகும். நோயைக் கட்டுக்குள் வைக்கும் மிகக் குறைந்த அளவே சிறந்த அளவு.

மருந்தைப் போன்றே கருவியும் முதன்மையானது. அழுத்தவகை உள்ளிழுப்பானை அழுத்தும்போதே மெதுவாகவும் ஆழமாகவும் மூச்சை இழுத்து, ஏறத்தாழ 10 நொடி அடக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே செய்ய இயலாதோர்க்கு ‘ஸ்பேசர்’ என்னும் இடைக்கலன் உதவும். தூள்வகைக் கருவியிலோ மூச்சை வேகமாக இழுத்தல் வேண்டும். முறை தவறினால் மருந்து நுரையீரலை அடையாமல் தொண்டையிலேயே தங்கிவிடும். கையாளும் திறன், வேளைகளின் எண்ணிக்கை, விலை, ஊரில் தடையின்றிக் கிடைத்தல் ஆகியவற்றை எண்ணிப் பார்த்தே மருத்துவர் முடிவுசெய்வார். தொடர்ந்து வாங்க இயலாத மருந்து எத்துணைச் சிறந்ததாயினும் பயன் தராது.

அச்சமும் உண்மையும்
‘உள்ளிழுப்பானுக்கு அடிமையாகிவிடுவோம்’ என்னும் அச்சம் மக்களிடம் உண்டு. அது போதைப்பொருள் அன்று. நீரிழிவு உடையோர் நாள்தோறும் மருந்து கொள்வது போன்றதே இதுவும். மாத்திரையாகக் கொள்ளும் ஸ்டீராய்டு உடல் முழுதும் பரவுகிறது. உள்ளிழுப்பது பெரும்பாலும் மூச்சுக்குழலிலேயே செயற்படுவதால் மிகச் சிறிய அளவே போதுமானது. எனினும் பக்கவிளைவே இல்லை எனக் கூறலாகாது. குரல் கம்முதல், வாயில் வெண்பூஞ்சை படர்தல் ஆகியன நேரலாம். மருந்திழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் பெருமளவு தவிர்க்கலாம். நெடுநாள் பயன்படுத்தும் சிறுவரின் உயரம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறையலாம். கட்டுப்படாத ஆஸ்துமாவின் இடரோ இதனினும் பெரிது.

தெரியுமா?
உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் 4,55,000 பேர் ஆஸ்துமாவால் உயிரிழந்தனர்.

வருமுன் காத்தல்
ஏலத்தோட்டங்கள் நிறைந்த மலைச்சரிவில் நள்ளிரவில் திணறல் நேர்ந்தால் மருத்துவமனையை அடைவது எளிதன்று. ஒரு தொடரை முழுமையாகப் பேச இயலாமை, உதடு நீலம்பாரித்தல், நிவாரணிக்குப் பின்னும் இரைப்பு தணியாமை ஆகியன உடனடி மருத்துவ உதவி தேவை என்பதன் அடையாளங்கள். அப்போது 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும். உடன்பயிலும் தோழர் உள்ளிழுப்பானைப் பயன்படுத்தினால் அதனை ஏளனம் செய்யாதீர்கள். வகுப்பறையில் மறைக்கப்படும் மருந்து, வேண்டிய பொழுதில் கைக்கு எட்டாமல் போகலாம்.