சுழலும் சங்கம் – 14: இரண்டு சுழி 'ஆன்'

எங்கள் ரோட்டரி கிளப்பின் அபராத உண்டியலைப் பற்றி எழுதுவதாகப் போன வாரம் சொல்லியிருந்தேன். சொன்னது சொன்னபடியே இருக்கிறது. உண்டியலும் எங்கும் ஓடிவிடாது. ஆனால் செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் ஒரு சொல் வந்து ஒட்டிக்கொண்டது. ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டு முறை போன் செய்து, "அபராதம் ரெடியா சார்?" என்று கேட்டுவிட்டார்கள். ரெடியில்லை. ரெடியாக இருப்பது 'ஆன்'.

முன்கதை கேட்பவர்களுக்கு: 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீலும் மூன்று நண்பர்களும் கூடியதில் ரோட்டரி பிறந்தது. ஊருக்கென்று அவர்கள் முதலில் எடுத்துச் செய்த வேலை ஒரு பொதுக் கழிப்பறை. மற்றதெல்லாம் பழைய இதழ்களில் இருக்கிறது.

எங்கள் ஊர் கிளப்பின் கூட்டம் வழக்கம்போல ஹோட்டலின் மாடி ஹாலில். தலைவர் கழுத்தில் முன்னாள் தலைவர்கள் பெயர் பொறித்த பட்டயச் சங்கிலி, மேசையில் மணி, சுவரில் 'நால்வகைச் சோதனை' என்ற ரோட்டரியின் நான்கு கேள்விகள். அன்றைய சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பேச அழைப்பதற்கு முன், கையிலிருந்த அழைப்பிதழைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். "ரொட்டேரியன்கள், ஆன்கள், ஆனெட்டுகள் அனைவரும் வருக."

பக்கத்திலிருந்த என் பக்கம் சாய்ந்து, "தம்பி, ஆண்களை மட்டும் ரெண்டு சுழி போட்டு அழைச்சிருக்காங்களே, பெண்கள் வரக்கூடாதா?" என்றார்.

"ஐயா, அது ஆண் இல்லீங்க, ஆன். ஆன்னா ரொட்டேரியனோட வீட்டுக்காரம்மா. ஆனெட்னா பிள்ளைங்க."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "நம்ம இலக்கியத்துல ஆன்னா பசு தம்பி. ஆனிரை, ஆனைந்து."

பதினைந்து வருடமாக இந்த அழைப்பிதழ்களைப் படிக்கிறேன். ஒருநாளும் இது உறைத்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் இருந்த பழைய ரோட்டரி வரலாறுகளை இறக்கினேன். படித்து முடித்தபோது இரவு இரண்டு மணி.

விஷயம் இதுதான். 1914 ஜூன். டெக்ஸாஸின் ஹூஸ்டன் நகரில் ரோட்டரி மாநாடு. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனி ரயில் பிடித்துக் கிளம்புகிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஹென்றி பிரன்னியர் என்ற கட்டடப் பொறியாளர். 1906 பூகம்பத்தில் இடிந்த சான் பிரான்சிஸ்கோவைத் திரும்ப எழுப்ப வந்தவர்களில் ஒருவர். கூடவே தன் மனைவியையும் அழைத்து வந்திருந்தார். பயணத்தின் பெரும்பகுதியில் அந்த ரயிலில் வேறு பெண்ணே இல்லை. அந்த அம்மாள் பெயர் ஆன்.

நீண்ட ரயில் பயணம். வண்டி நிறைய வியாபாரிகளும் வக்கீல்களும். சும்மா இருப்பார்களா? 'ரோட்டரி ஆன்' என்று யாரோ கூப்பிட, வண்டி முழுக்கப் பிடித்துக்கொண்டது. ஹூஸ்டன் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெயரில் ஒரு கோஷமே கட்டிவிட்டார்கள். இறங்கிய இடத்தில் பிலடெல்பியாவிலிருந்து வந்த கை கண்டகர் தம்பதியைச் சந்திக்கிறார்கள். அந்த அம்மாள் பெயரும் ஆன்! இதற்கு மேல் என்ன வேண்டும்? ரொட்டேரியனின் மனைவி என்றால் ஆன் என்று ஆகிப்போனது. கண்டகர் 1923-லும் பிரன்னியர் 1952-லும் உலக ரோட்டரியின் தலைவர்களானார்கள். ஆனால் எங்கள் ஊரில் யாரை நிறுத்திக் கேட்டாலும் பிரன்னியர் யார் என்று தெரியாது. அவர் மனைவி பெயரைச் சொல்லித்தான் ஊர் அழைப்பிதழே அச்சாகிறது.

சென்னையில் 1929-ல் ரோட்டரி கிளப் தொடங்கியது. அங்கிருந்து ஊர் ஊராகப் பரவியபோது மணியும் சங்கிலியும் வந்ததுபோலவே இந்த ரயில் பெட்டிக் கேலியும் வந்தது. மரகதமும் சரஸ்வதியும் ஃபாத்திமாவும் ஒரே நாளில் ஆன் ஆனார்கள். அடுத்த சங்கத்தைக் கிண்டல் செய்யலாம் என்றால் லயன்ஸ்காரர்களிடம் 'லயன் லேடி' இருக்கிறது. அதற்கும் இதற்கும் நான் பஞ்சாயத்து பண்ணத் தயாரில்லை.

ஒரு கிளைக்கதை, உடனே திரும்பிவிடுகிறேன். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ரொட்டேரியன்களின் மனைவிமார் இந்த ஒட்டுப்பெயரோடு நிற்கவில்லை. மார்கரெட் கோல்டிங் என்ற முன்னாள் நர்ஸ் அவர்களைக் கூட்டி, 1924 ஜனவரி 10 அன்று இன்னர் வீல் என்று தனிச் சங்கமே தொடங்கினார். அதற்கு முந்தைய நவம்பரில் நடந்த ஆரம்பக் கூட்டம் எங்கே தெரியுமா? ஒரு துருக்கிக் குளியல் நிலையத்தில். வாடகை கிடையாது என்பதுதான் காரணம். கிளப் நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

திரும்பிவிட்டேன். எங்கள் ஊர் ஆன்களை போன ஞாயிறு கிளப்பின் கண் முகாமில் பார்த்தேன். நம் பக்கத்தில் இந்த முகாம் நடக்கும் விதம் பழகிப்போன ஒன்று. 1976-ல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி பதினோரு படுக்கையோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார்; அவர்கள் முகாம்களில் ஏற்பாடு ஏறக்குறைய இதுதான்: டாக்டரும் ஆபரேஷனும் மருத்துவமனை பொறுப்பு, இடம், விளம்பரம், ஆள் திரட்டல், சாப்பாடு உள்ளூர் சங்கத்தின் பொறுப்பு. ஆட்டோவில் மைக் கட்டி மூன்று நாள் சொல்ல வேண்டும். கண்புரை என்று தேறியவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி அனுப்ப வேண்டும்.

பள்ளிக்கூட வராந்தாவில் காலை ஏழு மணிக்கே பதிவு மேசை போட்டு உட்கார்ந்தவர்கள் இரண்டு ஆன்கள். ரொட்டேரியன்கள் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். மதியம் பஸ் கிளம்பும் நேரத்தில் ஒரு பாட்டி ஏற மாட்டேன் என்றுவிட்டார். இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் சொன்னார், செயலாளர் சொன்னார், கேட்கவில்லை. பதிவு மேசையிலிருந்து ஓர் ஆன் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, பயமா இருக்கா?"

"பயமென்ன கண்ணு. மாடு கட்டிக் கெடக்கு. நாலு நாளைக்கு யார் தண்ணி காட்டுவா, யார் கறப்பா?"

அந்த ஆன் பாட்டியின் ஊர்ப் பெயரைக் கேட்டார். அங்கிருந்தே வந்திருந்த இன்னொரு பெண்ணைக் கூட்டத்தில் தேடிப் பிடித்தார். மாட்டை அவர் பார்த்துக்கொள்வதாகச் சத்தியம் வாங்கினார். பாட்டி பஸ் ஏறினார். தமிழாசிரியர் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்: ஆனுக்காகப் பேசியது ஓர் ஆன்.

அதே செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் வாசித்த முகாம் அறிக்கையில் மாடும் இல்லை, அந்த அம்மாளும் இல்லை. பேனர் கட்டியவர்கள் பெயர் உட்பட ஒன்பது ரொட்டேரியன்களின் பெயர் இருந்தது. கடைசியில், "உறுதுணையாக நின்ற ஆன்களுக்கும் நன்றி."

இதில் ஆச்சரியமில்லை. பெண்கள் உறுப்பினராவதற்கு ரோட்டரி ஒத்துக்கொண்டதே கோர்ட் சொல்லித்தான். கலிஃபோர்னியாவில் டுவார்ட்டே என்ற சிற்றூர். ஆள் குறைந்து கிளப் மூடும் நிலைக்கு வந்ததும், 1977-ல் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். தலைமையகம் மறு வருடமே கிளப்பின் அங்கீகாரத்தைப் பறித்தது. டுவார்ட்டேக்காரர்கள் கலையவில்லை, 'முன்னாள் ரோட்டரி கிளப்' என்று பெயர் வைத்துக்கொண்டு வாராவாரம் கூடினார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987 மே 4 அன்று தீர்ப்பு கிளப்பின் பக்கம் வந்தது. அந்த வருடம் அதன் தலைவராக வந்தவர் சில்வியா விட்லாக் என்ற பெண்மணி. இந்தக் கதைக்கே ஒரு தனி வாரம் வேண்டும், தருகிறேன்.

எங்கள் கிளப்பிலும் இப்போது ஒரு பெண் பல் டாக்டர் உறுப்பினர். கூட்டம் முடியும் நேரத்தில் தமிழாசிரியர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த டாக்டரம்மா ரொட்டேரியன். சரி. அவங்க வீட்டுக்காரர் யாரு?"

ஹாலில் சத்தமில்லை. செயலாளர் எழுந்து, "அவரையும் ஆன்னுதான் லிஸ்ட்ல போட்டிருக்கோம் ஐயா," என்றார்.

"அப்ப ஒரு சுழி கூடப் போட்டுடுங்க. கணக்கு நேராயிடும்."

முதலில் சிரித்தது டாக்டரம்மா. பின்னால் ஆன்கள் வரிசை முழுக்கச் சிரித்தது. கூட்ட ஒழுங்கையும் அபராதத்தையும் கவனிக்கும் சார்ஜென்ட் எழுந்து, சுழியை விட்ட குற்றத்துக்காகச் செயலாளருக்கு ஐம்பது ரூபாய் அபராதம் விதித்தார். நோட்டு உண்டியலில் விழுந்தது. தலைவர் மணி அடித்தார்.

அந்த ஐம்பது ரூபாய் எங்கே போகிறது என்பது அடுத்த வாரம். இந்த முறை சத்தியமாக.