தங்கமா, தகடா? மூடியைத் திறந்தால் தெரியும்!

தாத்தா காலத்துப் பாக்கெட் கடிகாரம் மஞ்சளாக மின்னுகிறது. அது முழுத் தங்கமா? பின்மூடியைத் திறந்து, உட்புறத்தைப் பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும்.

பழைய இங்கிலாந்துத் தங்கக் கடிகாரமானால், அங்கே சின்னஞ்சிறு முத்திரைகள் இருக்கும். கிரீடமும் 18 என்ற எண்ணும் இருந்தால், 24 பங்கில் 18 பங்கு தங்கம். சிறுத்தைத் தலை, லண்டனில் சோதித்ததைக் காட்டும். நங்கூரம் என்றால் பர்மிங்காம். பக்கத்தில் உள்ள ஓர் ஆங்கில எழுத்து, முத்திரையிட்ட ஆண்டைச் சொல்லும். லண்டனில் இந்த ஆண்டெழுத்து 1478-ல் வந்தது.

"20 ஆண்டு உத்தரவாதம்" என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால்? ஏமாந்துவிடக் கூடாது! பழைய அமெரிக்கக் கடிகாரங்களில் காணும் வாசகம் இது. உள்ளே மலிவான உலோகம். மேலே மெல்லிய தங்கத் தகடு. அந்தத் தகடு தேயாது என்பதற்குத்தான் 20 ஆண்டு உத்தரவாதம்!

விற்பவரானாலும் வாங்குபவரானாலும், விலை பேசுமுன் மூடியைத் திறந்து பார்ப்பதே புத்திசாலித்தனம்.