போட்டி இல்லை, பிறகு விளம்பரம் எதற்கு?

பூதலூரில் பம்புசெட்டுக்குக் கரண்ட் இணைப்பு வேண்டுமென்றால் போக வேண்டிய இடம் ஒன்றுதான். வீட்டுக்கும் அதேதான். 1957-இல் தொடங்கிய தமிழ்நாடு மின்சார வாரியமும் அதன் வழிவந்த நிறுவனங்களும்தான் இங்கே மின்சாரம் வினியோகிக்கின்றன. வேறு கடை இல்லாதபோது நாளிதழில் விளம்பரம் ஏன்?

ஒரு பகுதி சட்டத்தின் கட்டாயம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி, கட்டணத்தை மாற்றக் கோரும் நிறுவனம் தன் மனுவைச் சுருக்கமாக வெளியிட்டாக வேண்டும். அதைப் படித்தவர்கள்தான் ஒழுங்குமுறை ஆணையத்திடம் ஆட்சேபம் சொல்ல முடியும்.

அதைவிட முக்கியமானவை மழைக்கால எச்சரிக்கைகள். ஸ்டே கம்பியில் மாட்டைக் கட்ட வேண்டாம், அறுந்து கிடக்கும் கம்பியை நெருங்க வேண்டாம், வயலைச் சுற்றி மின்வேலி போட வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் மின்கம்பங்களைச் சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தச் செலவு வீணாகத் தோன்றாது.

விற்பனையைப் பெருக்கும் விளம்பரத்தில்தான் சிக்கல். எண்ணெய் நெருக்கடி வந்த 1973-இல், மின் உபயோகத்தைத் தூண்டும் விளம்பரங்களுக்கு அமெரிக்காவின் நியூயார்க் மாநில ஆணையம் தடை போட்டது. சென்ட்ரல் ஹட்சன் என்ற மின் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1980-இல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. மின்சாரம் விற்பவர் ஒருவரே ஆனாலும், வீட்டைச் சூடாக்க எண்ணெயும் எரிவாயுவும் அதனோடு போட்டியிடுகின்றனவே என்றது நீதிமன்றம்.

நம் ஊரில் அந்தப் போட்டி இப்போது கூரைமேல் சோலார் தகடாக ஏறிக்கொண்டிருக்கிறது.