முதலில் யாரிடம் போவீர்கள்?

டீ ஆறுவதற்குள் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். அமெரிக்க நர்ஸ் லைசென்ஸ் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அப்படி ஒன்று கிடையாது. டெக்சாஸ் தரும், நியூயார்க் தரும், கலிபோர்னியா தரும். மத்திய அரசு தராது. மாநிலத்துக்கு மாநிலம் தனி நர்சிங் போர்டு, தனி விதி. “என்னென்ன தயார் பண்ணணும்?” என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் திருப்பிக் கேட்பது, “எந்த மாநிலம்மா?” என்பதுதான்.

எல்லோரும் பயப்படுவது தேர்வுக்கு. மாதக்கணக்கில் இழுப்பதோ காகித வேலை. பல போர்டுகள் உங்கள் படிப்பை ஒரு மதிப்பீட்டு நிறுவனம் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. நம்மவர்கள் அதிகம் கேள்விப்பட்டது பிலடெல்பியாவில் 1977-ல் தொடங்கிய சி.ஜி.எஃப்.என்.எஸ். நீங்களே ஸ்கேன் செய்து அனுப்பிய நகல் செல்லாது. மதிப்பெண் பட்டியல் கல்லூரியிலிருந்தும், பதிவுச் சரிபார்ப்பு நர்சிங் கவுன்சிலிலிருந்தும் நேராகப் போக வேண்டும். முதல் வகுப்பா என்று அங்கே பார்ப்பதில்லை. மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தைகள், மனநலம் என ஒவ்வொன்றிலும் வகுப்பில் எத்தனை மணி, வார்டில் எத்தனை மணி என்று பார்க்கிறார்கள். கலிபோர்னியா இன்னும் கறார்: பாடமும் அதற்கான வார்டு பயிற்சியும் ஒரே காலத்தில் நடந்திருக்க வேண்டும். பாடத்தை ஒரு வருடமும் போஸ்டிங்கை வேறு வருடமும் வைத்த கல்லூரியில் படித்தவர், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அங்கே மாட்டிக்கொள்வார். கால அட்டவணை போட்டது அவரில்லையே என்று எனக்கு இதில் தீராத வருத்தம்.

அடுத்து என்க்ளெக்ஸ், அதாவது லைசென்ஸுக்கான தேர்வு. ஐ.சி.யூ.வில் பல வருடம் நின்றவர்கள் இங்கேதான் மனம் நோகிறார்கள்: “எனக்கு மறுபடியும் பரீட்சையா?” அமெரிக்காவிலேயே படித்தவரும் இதைத்தான் எழுதுகிறார். அது சோதிப்பது உங்கள் முடிவெடுக்கும் திறனை. நாலு நோயாளிகள் என்று வையுங்கள். ஒருவர் ஆபரேஷன் வலியில் கத்துகிறார். ஒருவருக்கு 101 டிகிரி காய்ச்சல். ஒருவர் டிஸ்சார்ஜுக்காகக் காத்திருக்கிறார். நாலாமவருக்குக் காலையில்தான் தைராய்டு ஆபரேஷன் முடிந்தது. கூப்பிடவில்லை, ஆனால் மூச்சை உள்ளிழுக்கும்போது விசில் போல ஒரு சத்தம். முதலில் அவரிடம்தான் ஓட வேண்டும். கழுத்துக்குள் ரத்தம் கசிந்தோ வீங்கியோ மூச்சுவழி அடைபடலாம். “டாக்டரிடம் சொல்கிறேன்” என்று சொல்லியே பழகியவருக்கு, அதற்கு முன் நான் என்ன பார்த்தேன், என்ன செய்தேன் என்று யோசிக்கும் பழக்கம் வேண்டும். அனுபவசாலிகளுக்கு அது வரும், உட்கார்ந்து பழகினால்.

தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம். வைவா எடுக்கும் எக்ஸாமினர் மாதிரி, சரியாகச் சொன்னால் கம்ப்யூட்டர் கேள்வியைக் கடினமாக்கும், தவறினால் எளிதாக்கும். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, ஐந்து மணி நேரம். தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா கீழா என்பது 95 சதவீதம் உறுதியானால் நின்றுவிடும். ஆகவே 85-ல் நின்றதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. கேள்வி கடினமாகிறதே என்று நடுவில் கலங்காதீர்கள். நன்றாகப் போகிறது என்பதற்கும் அது அடையாளம்.

பாஸானாலும் விசா வேறு கதை. 1996-ல் வந்த சட்டப்படி, வெளிநாட்டு நர்ஸின் தகுதியைச் சரிபார்த்துத் தரும் விசாஸ்கிரீன் சான்றிதழ் தேவை; அதற்கு ஆங்கிலத் தேர்வும் உண்டு. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு கிரீன் கார்டு வரிசையோ பத்தாண்டுக்கு மேல் நீள்கிறது. ஆனால் ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணுக்கு ஆயுள் இரண்டு வருடம், விசாஸ்கிரீனுக்கு ஐந்து. மாநிலம் கேட்காதவரை ஆங்கிலத் தேர்வுக்கு அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். பழைய கல்லூரிக்குப் போய்ப் பயிற்சி நேரக் கணக்கை மட்டும் இப்போதே கேட்டு வையுங்கள். உங்களைத் தெரிந்த பிரின்சிபாலும் கிளார்க்கும் அங்கே இருக்கும்போதே அதை முடித்துக்கொள்வது நல்லது.